விதைப் பெட்டகத்துக்கு எவ்வளவு தூரம்?

'வடதுருவத்துப் பக்கம் உலக விதைப் பெட்டகம் இருக்கிறதாமே, அங்கே விமானம் போகிறதா? எங்கள் ஊர் நெல்லை அனுப்பி வைக்கலாமா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விமானம் போகிறது. நார்வேயின் வடபகுதியில் உள்ள நகரம் ட்ரோம்சோ. அங்கிருந்து கடல் தாண்டி இன்னும் வடக்கே போனால் ஸ்வால்பார்டு தீவுகள். அவற்றில் பெரிய ஊர் லாங்இயர்பியன். இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே நேர்க்கோட்டில் சுமார் 950 கி.மீ. சென்னை–மும்பை தூரத்தைவிடச் சற்றுக் குறைவுதான். விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும். தலைநகர் ஆஸ்லோவிலிருந்து நேராகப் போனால் ஏறக்குறைய 3 மணி நேரம். மணிக்கு 30 கி.மீ. ஓடும் கப்பல் என்றால் ட்ரோம்சோவிலிருந்து ஒன்றரை நாள்.

சுவரில் மாட்டிய உலகப் படத்தில் அடிக்கோல் வைத்து அளந்து பார்க்காதீர்கள். பல படங்களில் வடக்கே போகப் போக எல்லாம் பெருத்துத் தெரியும். பூமத்திய ரேகையில் இரு தீர்க்கரேகைகளுக்கு நடுவே 111 கி.மீ. என்றால், லாங்இயர்பியனில் 23 கி.மீ.தான்.

1975-ல் திறந்த அந்த விமான நிலையத்தின் அடியில் எப்போதும் உறைந்த மண். அது உருகி இறுகும்போது ஓடுதளம் மேடு பள்ளமாகும். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுவரை சூரியனே தலைகாட்டாது.

ஓடுதளத்தை ஒட்டிய மலைக்குள்தான் 2008-ல் திறந்த பெட்டகம் இருக்கிறது. பெட்டிகள் விமானத்தில் வந்து இறங்கி, சோதனை முடிந்து, நேரே மலைக்குப் போகின்றன. உள்ளே மைனஸ் 18 டிகிரி. மின்சாரம் நின்றாலும் மலையின் குளிர் காக்கும். சண்டை சச்சரவுக்கு எட்டாத தூரம், அதேசமயம் தினசரி விமானத்துக்கு எட்டும் தூரம்: இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பிடித்தது அதுதான்.

சிரியாவில் போர் மூண்டபோது அது உதவியது. அலெப்போ அருகே இருந்த இக்கார்டா நிறுவனத்தின் விதை வங்கியில் வேலை முடங்கியது. 2015-ல் தான் முன்பு அனுப்பிய கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை விதைகளைத் திரும்ப வாங்கி, லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கியது. 2017-ல் மறுபடி பெட்டகத்துக்கு அனுப்பியது.

இப்போது நெல் விஷயம். தனி விவசாயி அங்கே அனுப்ப முடியாது. விதை வங்கிகள்தான் தங்கள் இருப்பின் நகலை அனுப்பும்; அனுப்பியவர் மட்டுமே திரும்ப எடுக்கலாம். அதாவது, உங்கள் ரகம் எந்த வங்கியிலும் இல்லையென்றால் அங்கேயும் இருக்காது. ஒரே ஒரு வீட்டுக் குதிரில் மட்டும் இருக்கும் நெல், ஒரு வெள்ளத்தில், ஒரு பூச்சி விழுந்த மூட்டையில் முடிந்துபோகும். நீங்கள் முதலில் போக வேண்டிய இடம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் இராமையா மரபணு வங்கி. இல்லையென்றால் உங்கள் வட்டார வேளாண் அலுவலகத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். கலப்பில்லாத கதிர்களைப் பொறுக்கி நன்கு உலர்த்துங்கள். ரகத்தின் பெயர், ஊர், எத்தனை ஆண்டாக விதைக்கிறீர்கள், மேட்டு நிலமா பள்ளமா, எத்தனை நாள் பயிர் என்று ஒரு தாளில் எழுதி, விதையோடு சேர்த்து எடுத்துப் போங்கள்.