கதவு திறவாக் குளிர்ப்பெட்டி

தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யாம் அடுக்களை அலமாரியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு நண்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்கட்டும். சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் எம் கையில் இருந்தவை ஏடும் உரையும் அல்ல. அளவு நாடாவும் கணினியுமே.

எம் தாய்மாமனார் பாளையங்கோட்டையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறார். முன்னர்க் கட்டிலும் பீரோவும் செய்துவந்த அப்பட்டறை, சில ஆண்டுகளாக, மாடுலர் கிச்சன் என வழங்கும் அடுக்களை அலமாரிகளையே பெரும்பாலும் செய்து வருகின்றது. பலகையை அறுப்பதற்கு முன்னரே அடுக்களை முழுவதையும் கணினியில் வரைந்து வீட்டாருக்குக் காட்டல் வேண்டும் என்பது இக்காலத் தொழில் வழக்கு. அதற்கு மாமா பயன்படுத்துவது ஸ்கெச்சப் என்னும் மென்பொருள். இஃது அமெரிக்க நாட்டில் 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. 2006-இல் கூகிள் நிறுவனத்தாரிடமும், 2012-இல் டிரிம்பிள் நிறுவனத்தாரிடமும் கைமாறியது. மாமா இதனை எவரிடமும் முறையாகக் கற்றவரல்லர். அலமாரிகளை அவர் வரைவது அழகாகவே இருக்கும். குளிர்ப்பெட்டி முதலிய கருவிகள் நிற்குமிடத்தில் மட்டும் ஒரு வெறும் பெட்டியை வரைந்து, அதன்மேல் ‘பிரிட்ஜ்’ என்றும், ‘மிக்ஸி’ என்றும் எழுதிவிடுவார். சவப்பெட்டிகளை அடுக்கி வைத்தாற்போல அவை எமக்குத் தோன்றின.

“மாமா, இதைப் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? உண்மையான பிரிட்ஜ் போலவே படத்தில் வைக்கலாமே” என்றோம்.

“நீ படித்தவன் மருமகனே. உனக்குத் தெரிந்தால் வை” என்று நாற்காலியை எமக்கு விட்டு எழுந்தார்.

அம்மென்பொருளோடு இணைந்த மாதிரிக் கிடங்கு ஒன்று இணையத்தில் உண்டு. உலகின் எப்பகுதியினரும் தாம் வரைந்த பொருள்களை அதில் இடலாம், வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம். யாம் இரண்டு நாள் ஊண் மறந்து அக்கிடங்கினைத் துழாவினோம். முதலில் எடுத்த குளிர்ப்பெட்டியின் உள்ளே முட்டைகளும் பழங்களும்கூட வரையப்பட்டிருந்தன. அதன் பாரம் தாங்காமல் பட்டறையின் பழங்கணினி அசைவற்று நின்றுவிட்டது. வேறோரிடத்தினின்று கொணர்ந்த மிக்ஸியோ, மாடி வீட்டினும் உயரமாகக் கூரையைத் துளைத்துக்கொண்டு எழுந்தது. மில்லிமீட்டரில் வரைந்ததை அங்குலமெனக் கணினி கொண்டமையால் ஒன்று 25.4 மடங்காயிற்று. பட்டறைப் பையன்கள் அன்று சிரித்த சிரிப்பு இன்னும் எம் செவியில் ஒலிக்கின்றது. இத்துறையில் தடுமாறியவர் யாம் மட்டுமல்லேம். 1975-இல் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் என்பார் தம் வீட்டுத் தேநீர்க் கெண்டியை வரைந்து கணினியிற் புகுத்தினார். கணினி வரைகலை பயில்வோர் யாவரும் அறிந்த அப்புகழ்பெற்ற கெண்டிக்கு முதலில் அடிப்பாகமே இல்லை! படத்திலன்றோ கெண்டி, தேநீர் ஊற்றுவார் யார்?

நிற்க. அப்பொழுது மாமாவிடம் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரின் அடுக்களை வேலை வந்திருந்தது. கணவரை இழந்து தனித்து வாழும் அவரை அத்தெருவில் யாவரும் டீச்சர் என்றே அழைப்பர். அவருடைய குளிர்ப்பெட்டியை ஒத்த மாதிரி ஒன்று கிடங்கில் எமக்கு அகப்பட்டது. அதே சாம்பல் நிறம். அதே நீண்ட கைப்பிடி. சாளரத்து ஒளி அதன்மேல் விழுந்து மின்னவும் செய்தது. படத்தைக் கண்டதும் அவர், “ஐயோ, இது நம்ம வீட்டுப் பிரிட்ஜ்தான்!” என்று குழந்தைபோல் கைகொட்டி மகிழ்ந்தார். மாமாவும் எம் முதுகில் தட்டினார். எமக்குத் தலைகால் புரியவில்லை. சுவரோரம் அதற்கென 62 சென்டிமீட்டர் இடம் விட்டு, அடுத்து 45 சென்டிமீட்டரில் இழுப்பறை அலமாரி வைத்து வேலை முடிந்தது. யாமும் கல்லூரிக்குத் திரும்பினோம்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது, கேக்கு எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டிற்குச் சென்றோம். அடுக்களைத் தரையில் ஓர் ஓலைப்பெட்டி நிறையக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் இருந்தன. குளிர்ப்பெட்டி இருக்கக் காய்கறி தரையில் ஏன் என வினவினோம். அவர் பேச்சை மாற்றினார். யாம் விடவில்லை. எழுந்து சென்று குளிர்ப்பெட்டியைத் திறந்தோம். கதவு முக்கால் பங்கு திறந்து, கைப்பிடி சுவரில் இடித்து நின்றது. கீழுள்ள காய்கறித் தட்டை இழுத்தோம். கதவின் உட்பக்கத்துத் தாங்கிகளில் மோதி அதுவும் நின்றது. ஆறு திங்களாக அவர் அத்தட்டை வெளியே இழுத்ததே இல்லை.

“மாமாவிடம் சொல்லியிருக்கலாமே டீச்சர்?”

“சொன்னால் உன்னைத்தானே தம்பி ஏசுவார்? படம் போட்டது நீயல்லவா? நான் ஒருத்திதானே, எனக்கு எவ்வளவு காய் வேண்டும்” என்றார்.

அம்மொழி கேட்டு யாம் அடைந்த நாணத்தை எழுத்தில் வடிக்க இயலாது. பிழை யாதெனின், யாம் கொணர்ந்த மாதிரியில் கதவும் உடலும் ஒரே கட்டியாக வரையப்பட்டிருந்தன. கீல் எப்பக்கம் என்பதே அதில் இல்லை. உண்மைக் குளிர்ப்பெட்டியின் கீலோ சுவர்ப்பக்கம் அமைந்தது. கதவின் கனமும் கைப்பிடியும் வெளியே வீச, பக்கத்தில் ஒரு சாண் இடமாவது வேண்டும். தட்டு வெளிவரக் கதவு செங்கோணத்திற்கு அப்பாலும் திறத்தல் வேண்டும். இதனை அறிய ஒரு முறை அதனைத் திறந்து பார்த்திருந்தால் போதும். ஒருவரும் பார்க்கவில்லை. மாமாவின் வெறும் பெட்டியைக் காண்போர், “இது எந்தப் பக்கம் திறக்கும்? இவ்வளவு அகலம் போதுமா?” என்று கேட்பார்கள், மாமாவும் நாடாவுடன் அவர்கள் வீட்டிற்குச் சென்று அளப்பார். எம் படமோ மெய்போலவே இருந்தமையால் கேள்வி எழவில்லை. நாடாவும் பையினின்று வெளிவரவில்லை. அழகற்றதென யாம் இகழ்ந்த அப்பெட்டி செய்த காவலை எம் மின்னும் படம் நீக்கிவிட்டது.

அன்றிரவே மாமாவிடம் உரைத்தோம். அவர் ஏசவில்லை. சற்று நேரம் வாளாவிருந்து, “கீலை மறுபக்கம் மாற்ற முடியுமா பார்ப்போம்” என்றார். அப்பெட்டியில் அதற்கு வழியில்லை. புத்தாண்டு கழிந்த மறுநாள் 45 சென்டிமீட்டர் இழுப்பறை அலமாரியைப் பெயர்த்தெடுத்து, 33 சென்டிமீட்டரில் புதிதாகச் செய்து, குளிர்ப்பெட்டியைச் சுவரினின்று நகர்த்தி வைத்தார். பலகையும் கூலியும் அவர் கைப்பொருள். டீச்சர் எவ்வளவோ வற்புறுத்தியும் ஒரு காசும் அவர் பெறவில்லை. அச்செலவு எவ்வளவு என்று எம்மிடம் இன்றளவும் கூறவில்லை. யாம் பட்டறைக் கணக்கேட்டில் பார்த்துக்கொண்டோம்.

தொல்காப்பியத்து உவமவியலை அப்பருவத்தில்தான் எமக்கு வகுப்பில் நடத்தினார்கள். ஒரு பொருளை மற்றொன்று ஒத்தல் நால்வகையால் நிகழும் என்பது ஆசிரியர் கருத்து. மெய்யென்பது வடிவு, உருவென்பது நிறம், இவையிரண்டோடு செயலாகிய வினையும், பயனும் சேர நான்காம். பேராசிரியர் இதனை விளக்கிக்கொண்டிருக்க, எம் உள்ளமோ பாளையங்கோட்டை அடுக்களையில் நின்றது. யாம் வைத்த மாதிரி மெய்யால் ஒத்தது, உருவால் ஒத்தது. வினையாலும் பயனாலும் ஒவ்வாதொழிந்தது. குளிர்ப்பெட்டிக்கு வினை கதவு திறத்தலன்றோ? 1926-இல் பிராங்க்பர்ட் நகரத்துக் குடியிருப்புகளுக்கென மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்னும் அம்மையார் அமைத்த அடுக்களை, ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உடையது. அச்சிற்றிடம் போதுமானது எங்ஙனம் எனின், அடுக்களையில் வேலை செய்பவர் எடுத்துவைக்கும் அடிகளையும் கை செல்லும் தொலைவையும் ஆராய்ந்து அவர் அதனை அமைத்தார். மின்னும் எஃகைப் பற்றி யாம் கவலையுற்றிருந்த அவ்விரண்டு நாளில் அதைப் படித்திருக்கலாம்.

அதன்பின் மாதிரிகளை யாமே வரையத் தொடங்கினோம். கதவைத் தனியுறுப்பாக்கிக் கீலில் சுழலவைத்தோம். கதவு வீசும் பரப்பையும், பின்புறம் வெப்பம் செல்ல வேண்டிய இடைவெளியையும் சிவப்பு நிறத்தில் ஒளி ஊடுருவும் நிழலாகச் சூழ வரைந்தோம். அந்நிழலில் சுவரோ பலகையோ புகுந்தால் எவர் கண்ணுக்கும் தப்பாது. பார்க்க அழகில்லைதான். மேனாட்டு மாதிரிகள் குவிந்துள்ள கிடங்கில் நம்மவர் அடுக்களைப் பொருள்கள் அரியன. ஆதலின் 14.2 கிலோ எரிவாயு உருளையை அதன் மேலமையும் ரெகுலேட்டரோடும் குழாயோடும் வரைந்தோம். அவ்வாயு காற்றினும் கனமாகையால், அலமாரியின் அடியில் துளை வேண்டும் என்பதையும் மாதிரியிலேயே குறித்தோம். மிக்ஸிக்குப் பெரிய ஜாரின் மூடியைத் தூக்கும் உயரத்தையும் சேர்த்தோம். சாய்த்து மாவு வழிக்கும் கிரைண்டர் மட்டும் எம்மை இன்னும் அலைக்கழிக்கின்றது. பாத்திரம் சாயும் வழியை வரைந்துவிட்டோம். மாவு வழிப்பவர் குனிந்து நிற்கும் இடத்தை எவ்வளவென்று வரைவது? எம் அன்னையாரை நிறுத்தி அளந்தோம். அத்தையார் வந்து நின்றபோது அளவு மாறிவிட்டது.

மாமா இம்மாதிரிகளை ஏற்றுக்கொண்டார். ஆயினும் ஒரு வீட்டிற்கு முதன்முறை செல்லும்போது, ‘பிரிட்ஜ்’ என்று எழுதிய தம் பழைய பெட்டியையே எடுத்துச் செல்கிறார். எம் படங்கள் இரண்டாம் முறைதான் செல்லும். யாமும் மறுத்துரைப்பதில்லை.

குளிர்ப்பெட்டியை நகர்த்தி வைத்த அன்று டீச்சர் கதவை அகலத் திறந்து, காய்கறித் தட்டை முழுதும் இழுத்து, உள்ளே தள்ளி, மறுபடியும் இழுத்துப் பார்த்தார். பின்பு தரையில் இருந்த ஓலைப்பெட்டியைத் தட்டிக் கவிழ்த்துத் துடைத்து, “இது இனி எனக்கு எதற்கு தம்பி” என்று எம்மிடம் தந்தார். எம் விடுதி அறையில் பேனாக்களும் அளவு நாடாவும் இப்பொழுது அதில் இருக்கின்றன.