ஈ-63: பெருவிரல்களால் எழுதிய தமிழ்

இம்முறை புத்தக விமரிசனம் இல்லை. ஒரு கைப்பேசியைப் பற்றி எழுதப் போகிறோம். இலக்கியம் பேசும் இடத்தில் கைப்பேசிக்கு என்ன வேலை என்று கேட்பீர்களாயின், கட்டுரையின் பிற்பகுதி வரை பொறுத்திருக்குமாறு வேண்டுகிறோம்.

நாங்கள் மூவர். ஒருவர் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு நாள்தோறும் தொடர்வண்டியில் சென்று வந்த வங்கி ஊழியர். மற்றொருவர் பள்ளி நூலகத்தில் பணியாற்றியவர். மூன்றாமவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எங்கள் இருவருக்கும் அவர் ஐயா. அவருக்கு நாங்கள் வயது வேறுபாடின்றித் தம்பிகள். மாதம் ஒருமுறை கூடிச் சங்கப் பாடல்கள் படிப்போம். எஞ்சிய இருபத்தொன்பது நாள்களும் குறுஞ்செய்திகளில் வாதிட்டுக்கொண்டிருப்போம். அந்த வாதங்களின் பொருட்டே எழுத்து விசைகள் கொண்ட கைப்பேசிகளை வாங்கினோம்.

வங்கி நண்பர் வாங்கியது நோக்கியா ஈ-71. 2008 ஜூனில் அறிவிக்கப்பட்ட இக்கருவி 10 மில்லிமீட்டர் தடிமனும் 127 கிராம் எடையும் கொண்டது. முதுகுப்புறம் எஃகுத் தகடு. சட்டைப் பையில் இருப்பதே தெரியாது. அதே ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஈ-63 அதன் எளிய தம்பி. எஃகுக்கு மாற்றாக நெகிழி, 3.2 மெகாபிக்சல் படக்கருவிக்கு மாற்றாக 2 மெகாபிக்சல், ஜி.பி.எஸ். கிடையாது, விலையும் குறைவு. 2009இல் எங்களில் மற்ற இருவரும் இதை வாங்கினோம். ஐயா தம் ஒரு மாத ஓய்வூதியத்தின் பெரும்பகுதியைக் கொடுத்துச் சிவப்பு நிறத்தில் ஒன்றை எடுத்தார். "வெற்றிலைப் பெட்டி மாதிரி இருக்கிறதே ஐயா" என்றோம். "அதனால்தான் தம்பி எடுத்தேன்" என்றார்.

இரண்டுக்கும் திரை 2.36 அங்குலம்தான், 320க்கு 240 புள்ளிகள். அதன்கீழே, ஆங்கிலத் தட்டச்சுப்பொறியைச் சுருக்கி வைத்தாற்போல நான்கு வரிசை விசைகள். மின்கலம் 1500 மில்லி ஆம்பியர் மணி. இன்றைய கருவிகளோடு ஒப்பிட்டால் மூன்றிலொரு பங்கு. ஆயினும் எங்கள் பயன்பாட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் மின்னேற்றினால் போதுமானதாக இருந்தது. சிறிய திரை, மெதுவான செயலி. இவற்றுக்கு ஊட்டச் சிறிதளவு மின்சாரமே போதும்.

ஈ-63இல் எங்களை முதலில் கவர்ந்தது ஒரு சிறு வசதி. இடைவெளி விசையைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் படக்கருவியின் விளக்கு கைவிளக்காக எரியும். 2012இல் தமிழகத்து மாவட்டங்கள் நாளில் பல மணிநேரம் இருளில் மூழ்கியிருந்தபோது, ஐயாவின் வீட்டுத் திண்ணையில் அந்த வெளிச்சத்தில் புறநானூற்று உரை படித்திருக்கிறோம். ஒருவர் பிடித்திருக்க, ஒருவர் படிக்க, ஒருவர் கொசு விரட்டுவார்.

படங்களாக வந்த தமிழ்

அக்காலக் கைப்பேசிகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் கட்டங்கள்தாம் வரிசையாக வந்து நிற்கும். எழுத்துரு இல்லாமை ஒரு காரணம். எழுத்துரு இருந்தாலும் ஒருங்குறித் தமிழை அடுக்கிக் காட்டும் நுட்பம் தனியே வேண்டும். 'கெ' என்பதில் க முன்னும் ஒற்றைக்கொம்பு பின்னுமாகத் தரவு வருகிறது. கொம்பை எடுத்து இடப்பக்கம் வைப்பது கருவியின் வேலை. அந்த வேலை தெரியாத கருவியில் கொம்பு வலப்பக்கமே நின்று, படிப்பவரை மிரட்டும்.

இதற்கொரு சுற்றுவழியை ஓபரா மினி உலாவி வைத்திருந்தது. முகவரிப் பட்டையில் 'ஓபரா', முக்காற்புள்ளி, 'கான்ஃபிக்' என்று ஆங்கில எழுத்துகளில் இட்டால் ஓர் அமைப்புப் பட்டியல் திறக்கும். அதன் கீழ்ப்பகுதியில், சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்துகளைப் பயன்படுத்தலாமா என்றொரு கேள்வி. 'ஆம்' என்று மாற்றிச் சேமித்தால் முடிந்தது. ஓபராவின் வழங்கியே பக்கத்தை வாங்கி, தமிழை அங்கேயே எழுத்துக்கூட்டிப் படமாக்கி அனுப்பிவிடும். கைப்பேசிக்குத் தமிழ் தெரியவேண்டிய தேவையே இல்லை. அன்றைய தமிழ் வலைப்பதிவர்கள் இக்குறிப்பை வாய்வழி மருந்துபோல ஒருவருக்கொருவர் சொல்லிப் பரப்பினார்கள். எங்களுக்கும் அப்படித்தான் வந்தது.

பாபநாசத்துக்கும் தஞ்சைக்கும் இடையே வண்டி ஆடிக்கொண்டு செல்ல, 1998 பொங்கலன்று தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் மின்னூல்களை அச்சிறு திரையில் வங்கி நண்பர் படித்தார். "தம்பி, நீ நின்றுகொண்டு படித்ததை நான் உட்கார்ந்துகொண்டு படித்ததில்லை" என்று ஐயாவே ஒருமுறை பாராட்டினார்.

ஆனால் விலை உண்டு. படம் எழுத்தைவிடக் கனமானது. அன்று கிலோபைட் கணக்கில் காசு. ஒரு மாதம் எங்களில் ஒருவருக்கு வந்த கட்டணச்சீட்டைக் கண்டு வீட்டில் நடந்த விசாரணையை இங்கே விவரிக்க வேண்டா. மற்றொன்று, படமாக வந்த தமிழை வெட்டி எடுக்க முடியாது. ஒரு வரி பிடித்திருந்தாலும் நண்பருக்கு அப்படியே அனுப்ப வழியில்லை. நாமே தட்டச்சிட வேண்டும். எந்தத் தமிழில்?

160உம் 70உம்

கைப்பேசியில் தமிழில் எழுத வழியே இல்லை என்று சொல்வது நியாயமாகாது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இலேயே சிங்கப்பூரில் வெளியாகிவிட்டது. எங்களைத் தடுத்தது ஒரு கணக்கு.

ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். ஆகவே 160 இடங்கள். ஒருங்குறித் தமிழுக்கு 16 பிட் வேண்டும். ஆகவே 70 இடங்கள். அதிலும் நாம் ஓரெழுத்து என்று எண்ணுவது கணினிக்கு ஓரெழுத்தன்று. புள்ளிக்கு ஓரிடம், காலுக்கு ஓரிடம், கொம்புக்கு ஓரிடம். 'தொல்காப்பியம்' நமக்கு ஏழெழுத்து, ஒருங்குறியில் 13 இடம். அதே சொல்லை ரோமன் எழுத்தில் எழுதினாலும் 13தான் வருகிறது. ஆனால் ஒன்று 160இல் 13, மற்றது 70இல் 13.

திருக்குறளின் முதற்குறளை இடைவெளிகளோடு எண்ணிப் பார்த்தோம்: 45 இடங்கள். ஆக, ஒரு செய்திக்குள் ஒரு குறள் அடங்கிவிடும். "வள்ளுவர் அடங்கிவிடுவார் தம்பி, பரிமேலழகர்தான் அடங்கமாட்டார்" என்றார் ஐயா. எங்களுக்கு வேண்டியதோ உரை. ஆகவே ரோமன் எழுத்துக்கே போனோம். 2011 செப்டம்பர் 27 முதல் நாளொன்றுக்கு 100 குறுஞ்செய்திகளே அனுப்பலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்காணையம் வரம்பு கட்டிய பிறகு, சிக்கனம் இன்னும் கட்டாயமாயிற்று. சில வாரங்களில் அவ்வரம்பு 200ஆக உயர்ந்தது. ஆயினும் ஒரு சொல்லின் பொருளுக்கு நான்கு செய்தி செலவழிப்பவர் ஐயா.

ஐயாவின் விதிகள்

ரோமன் எழுத்தில் தமிழ் எழுதுவதை ஐயா வெறுத்தார். வெறுத்ததனாலேயே அதற்கு இலக்கணம் வகுத்தார். லகரத்துக்குச் சிறிய எல், ளகரத்துக்குப் பெரிய எல், ழகரத்துக்கு இசட்டும் எச்சும். னகரத்துக்குச் சிறிய என், ணகரத்துக்குப் பெரிய என். ரகர றகரங்களுக்கும் அவ்வாறே. "நகரம் ஐயா?" என்று கேட்டோம். "மொழி முதலிலும் தகரத்துக்கு முன்னும் எது வரும் என்று தொல்காப்பியருக்குத் தெரியும், அவர் பார்த்துக்கொள்வார். அதற்கொரு விசையை வீணாக்காதே" என்றார். பெரிய எழுத்தானாலும் சிறிய எழுத்தானாலும் செய்தியில் ஓரிடமே எடுக்கும். எனவே இம்முறையால் எதுவும் நட்டமில்லை.

இங்கேதான் அந்த விசைப்பலகையின் அருமை விளங்கியது. எண்விசைக் கைப்பேசியில் இசட் வேண்டுமெனில் 9ஐ நான்கு முறை அழுத்த வேண்டும். எச்சுக்கு 4ஐ இருமுறை. ஒரு ழகரத்துக்கு ஆறு அழுத்தம். ஆறு முறை அழுத்த யாருக்குப் பொறுமை? அவசரத்தில் எல்லாரும் எல் போட்டார்கள். ஈ-63இல் இரண்டே அழுத்தம். ளகரத்துக்கும் மாற்று விசையோடு சேர்த்து இரண்டு. ஐயாவின் பழைய மாணவர் ஒருவர், எண்விசைக் கைப்பேசி வைத்திருந்தவர், தமக்கு மகள் பிறந்த மகிழ்ச்சியில் வீட்டுக்குக் குழவி வந்திருப்பதாக ரோமன் எழுத்தில் செய்தி அனுப்பினார். ழகரத்துக்குச் சிறிய எல். அதைக் குளவி என்று வாசிக்கவும் இடமிருந்தது. ஐயாவின் மறுமொழி உடனே போயிற்று: "பார்த்து தம்பி, கொட்டிவிடப் போகிறது."

ஆறு ஆண்டுகளில் அவர் எங்களுக்கு அனுப்பியவற்றுள் நாங்கள் அழிக்காமல் வைத்திருந்தவை ஆயிரத்துக்கும் மேல். பாடலுக்கு உரை, உரைக்கு மறுப்பு, தம் மறுப்புக்குத் தாமே மறுப்பு. நடுநடுவே, இன்று சந்தையில் வாழைப்பூ மலிவு என்பன போன்ற குறிப்புகள். அவர் வேறெங்கும் எழுதியவரல்லர். நூல் எழுதுங்கள் என்று கேட்கும்போதெல்லாம், "160 எழுத்துக்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை" என்பார்.

ஒரு சொல்

2015இல் ஐயா நோய்வாய்ப்பட்டார். கை நடுங்கத் தொடங்கியது. கூடிப் படிப்பது நின்றது; செய்திகள் நிற்கவில்லை. ஆனால் அவற்றில் பெரிய எழுத்துகள் மறைந்தன. மாற்று விசையை ஒரு விரல் நாட, மற்றொரு விரல் உடனே அடுத்த விசையைத் தேடவேண்டும். அது அவருக்கு இயலாதாயிற்று. அவ்வாண்டு ஆவணியில் அவர் மறைந்தார்.

அடுத்த ஆண்டு எங்கள் கைப்பேசிகளில் இருந்தவற்றையெல்லாம் தமிழ் எழுத்துக்கு மாற்றத் தொடங்கினோம். கணினியில் இணைத்து மொத்தமாக எடுக்க மென்பொருள் இருந்தது. எடுத்தாலும் ரோமனாகவே வரும். ஆகவே ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, மூன்று நோட்டுப் புத்தகங்கள் நிரம்பின. ஐயாவின் விதிகள் துல்லியமானவை. நாங்கள் எங்கும் தடுமாறவில்லை. பெரிய எழுத்துகள் இல்லாத இறுதி இருபத்து மூன்று செய்திகளையும் இடம் நோக்கிச் சரிசெய்துவிட்டோம். ஒன்றைத் தவிர.

ஆடி மாதத்துச் செய்தி அது. இன்று முழுதும், அடுத்து அந்த ஒரு சொல், அடுத்து, சன்னலருகே அமர்ந்திருந்தேன் என்று இருந்தது. அச்சொல்லில் இருப்பது சிறிய எல். விதிப்படி வாசித்தால் வலி. பெரிய எழுத்து இயலாமற் போனதென்று கொண்டால் வளி. காற்றைக் காற்று என்று அவர் எழுதியதே இல்லை, எப்போதும் வளிதான். ஆடிக்காற்று வீசும் காலம் வேறு.

அவருடைய மகளிடம் கேட்டோம். "அப்பா வலி என்று வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை அண்ணா" என்றார். சற்று நேரம் கழித்து, "அதனால் எழுதியிருக்கவும் கூடும்" என்றார்.

தமிழில் எழுதவேண்டுமானால் ஏதேனும் ஓர் எழுத்தைப் போட்டாக வேண்டும். இரண்டில் எதைப் போட்டாலும் அவர் சொல்லாத ஒன்றைச் சொன்னவர்களாவோம். மூன்றாம் நோட்டுப் புத்தகத்தில் அச்சொல்லை மட்டும் ரோமன் எழுத்திலேயே விட்டுவைத்திருக்கிறோம். தம் வாழ்நாள் முழுதும் லகர ளகரத்துக்காக மாணவர் காதைத் திருகியவரின் ஏட்டில் அப்படியோர் இடம் இருப்பது எங்களுக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

இன்று

இக்கருவிகளைத் தாங்கிய சிம்பியன் இயங்குதளத்துக்குப் புதிய செயலிகளை ஏற்பது 2014 தொடக்கத்தோடு நின்றது. அவ்வாண்டு ஏப்ரலில் நோக்கியாவின் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போயிற்று. 2006இல் உற்பத்தி தொடங்கிய திருப்பெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் முதல் நாளோடு மூடப்பட்டது. வாட்ஸப் 2017 ஜூனில் சிம்பியனைக் கைவிட்டது. எங்கள் மூன்றில் எஃகு முதுகுடைய ஈ-71 இப்போது எழவில்லை. நூலக நண்பரின் ஈ-63 மின்னேற்றினால் விழிக்கிறது. ஐயாவினுடையது அவர் மகளிடம் இருக்கிறது. சில மாதங்களுக்கு ஒருமுறை மின்னேற்றி வைக்கிறார். கைவிளக்கு எரிகிறதாம்.

இன்றைய திறன்பேசிகளில் தமிழைத் தமிழாகவே எழுதலாம். பேசினாலும் எழுதிக்கொள்கின்றன. ழகரத்துக்கு ஓர் அழுத்தமே. குறை ஏதும் சொல்வதற்கில்லை. அன்பர்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் வீட்டு மேசை அறைக்குள்ளும் இப்படியொரு பழைய கைப்பேசி கிடக்கக்கூடும். மின்கலம் உப்பாமல் இருந்தால், பொருந்தும் மின்னேற்றியைத் தேடிப்பிடித்து ஒருமுறை எழுப்பிப் பாருங்கள். உள்ளே இருப்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். எழுதும்போது அனுப்பியவர் அருகில் இருந்தால், ஐயத்துக்கு இடமான சொற்களை அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.