வாட்டம் பார்க்கப் பழகுதல்

தெல்தோட்டை, கலஹா பக்கத்துப் பாடசாலைகளிலிருந்து எங்கள் தேயிலை பெக்டரிக்குத் தொழிற்பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை நான் நேராக இலை உருட்டும் ரோலர் பக்கம் கூட்டிப்போவதில்லை. மேல்மாடியில் வாடிக்கொண்டிருக்கும் கொழுந்தைக் கை நிறைய அள்ளச் சொல்வேன். இறுக்கிப் பிடித்து, மெதுவாகக் கையை விரியுங்கள். உருண்டை சட்டென்று பிரிந்தால் இன்னும் பச்சை. ஓசையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தால் பதம் வந்துவிட்டது. காம்பையும் மடக்கிப் பாருங்கள், ஒடியாமல் வளைய வேண்டும். பச்சை வாசம் போய்ப் பழ வாசம் ஏறியிருக்க வேண்டும். சரசரவென்று நொறுங்கினால் வாட்டம் மிஞ்சிவிட்டது, சாயம் வெளுத்துத்தான் இறங்கும்.

நன்றாகப் படிக்கும் ஒரு பையன் வந்திருந்தான். மாலையில் பரப்பிய கொழுந்துக்கு 14 மணித்தியாலம் ஆனதும், தொட்டுப் பார்க்காமலே வாட்டப் புத்தகத்தில் ‘சரி’ என்று எழுதிவிட்டான். அன்றிரவு முழுக்க மழை. "தம்பி, அந்த ரெண்டு வெப்பமானியையும் பார்" என்றேன். ஈரக்குமிழுக்கும் உலர்குமிழுக்கும் வித்தியாசமே இல்லை. காற்றே ஈரமாயிருக்கும்போது இலை எப்படி வாடும்? சாரீரப்பதனைப் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியவன் அவன். பாடப் புத்தகத்தில் படித்தது இந்தச் சுவரில்தான் தொங்குகிறது என்று அவனுக்கு யாரும் காட்டியிருக்கவில்லை. அப்போதே பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டோம். 100 கிலோ கொழுந்தில் 76 கிலோ தண்ணீர் என்றால் சரக்கு 24 கிலோதான். வாடி அந்தக் கொழுந்து 53 கிலோவுக்கு இறங்கும்போது ஈரம் ஏறக்குறைய 55 வீதம். வீதக் கணக்கு எதற்கென்று அதன் பிறகு அவன் கேட்கவில்லை.

எனக்குத் தொழில் பழக்கிய பழைய டீமேக்கர் ஐயா முதலில் கையால் பார்ப்பார், பிறகுதான் கருவியைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துவராவிட்டால் கொழுந்து வாட்டும் ட்ரஃபின் நாலு மூலையிலும் அள்ளிப் பார்ப்பார். விசிறிப் பக்கம் வாடி, கடைசிப் பக்கம் பச்சையாக நிற்கும். அதைப் புரட்டிவிடச் சொல்வார். நானும் பிள்ளைகளுக்கு அதே ஒழுங்கில்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த மலைக்குத் தொழில் கற்றுக்கொடுப்பது புதிதல்ல. பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் 19 ஏக்கரில் தேயிலை வைத்தபோது, பங்களா விறாந்தை மேசையில்தான் இலையைக் கையால் உருட்டினார்கள். காயவைத்தது கரியடுப்பில். அன்றிலிருந்து இந்த வேலை கைமாறிக் கைமாறி வந்தது. தோட்டப் பாடசாலையோ ஆரம்ப வகுப்புகளோடு நின்றது. அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்ற பிறகு படிப்பு உயர்ந்தது, அது பெரிய நன்மை. ஆனால் பாடசாலைக்கும் பெக்டரிக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று. 2017-இல் உயர்தரத்தில் தொழிற்கல்விப் பிரிவு தொடங்கி, சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் சேர்ந்து, வேலையிடத்தில் பழகி, என்.வி.கியூ. 4ஆம் மட்டம் வரை போகலாம் என்று வந்தபோது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

"நான் கொழுந்தெடுத்தது போதாதா ஐயா, இவனையும் இங்கேயே கட்டிப்போடவா?" என்று, மகனைப் பயிற்சிக்கு அனுப்பத் தயங்கிய ஒரு தாய் கேட்டார். நியாயமான கேள்வி. பெக்டரிக்கு ஆள் சேர்ப்பதற்காகப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் அந்தத் தாய் சொல்வதுதான் சரி. ஓரிடத்தில் பயிற்சிக்கென்று போன பிள்ளைகள் கடைசி வரை சாக்குத் தைத்துத் தரை கூட்டியதை நான் கண்டிருக்கிறேன். அதற்குப் பெயர் பயிற்சியல்ல. டிரையருக்குள் 95 பாகை சூட்டில் 20 நிமிடம் போய்வரும் தூள் ஏன் 3 வீத ஈரத்தில் வெளிவர வேண்டும், கூடினால் எப்படிப் பூசணம் பிடிக்கும், மோட்டார் எங்கே சூடேறுகிறது – இதெல்லாம் தெரிந்தவனை எந்த உணவுத் தொழிற்சாலையும் எடுத்துக்கொள்ளும். அந்தத் தாயிடம் இதைத்தான் சொன்னேன். இரவு வேலைக்கு வைக்கமாட்டோம், ஓடும் ரோலருக்குள் கைவிட அனுமதிக்கமாட்டோம் என்றும் வாக்குக் கொடுத்தேன்.

அதிபர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாற்பது பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி ஒரு நாள் சுற்றிக் காட்டிப் போவதால் யாருக்கும் கை பழகாது. இரண்டு மூன்று பேரை அனுப்புங்கள், ஆனால் அதே பிள்ளைகளைத் திரும்பத் திரும்ப அனுப்புங்கள். மாசி வெயிலில் கொழுந்து குறைந்து, சீக்கிரம் வாடும்போதும் வரட்டும். சித்திரை மழைக்குப் பிறகு கொழுந்து குவிந்து, ட்ரஃபில் இடம் போதாமல் நாங்கள் தடுமாறும்போதும் வரட்டும். விஞ்ஞான ஆசிரியரும் ஒரு விடியற்காலை கூட வந்தால் நல்லது. வாட்டப் புத்தகத்தை அவரிடமே தருகிறேன், வகுப்பில் கணக்குப் போடலாம்.