அல்சூர் நிழலில் இலைவண்ணத் தோட்டம்

பெங்களூர் என்றவுடன் பூங்காக்களும் பூஞ்செடிகளும் நம் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆயினும், இந்நகரில் வந்து குடியேறிய நம் குடும்பங்களின் வீட்டைச் சுற்றிப் பார்த்தால், நேர் வெயில் விழும் இடம் மிகச் சிறிதாகவே இருக்கும். மனையோ குறுகியது, பக்கத்து வீட்டு மாடியோ ஆண்டுதோறும் உயர்கின்றது. ஊரிலிருந்து ஆசையோடு கொண்டுவந்து நட்ட மல்லிகைப் பதியன் கொடி நீண்டு, இலை வெளுத்து, ஒரு மொட்டும் வைக்காமல் நிற்கின்றது. அதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்த தாய்மார் நம்மிடையே பலர். "இந்த ஊர் மண் நமக்கு ஒத்துவரவில்லை" என்று அவர்கள் சொல்வதையும் நாம் கேட்டிருக்கிறோம். மண்ணின்மேல் பழி சுமத்த வேண்டுவதில்லை. மல்லிகை வெயிலை வேண்டும் கொடி. நிழல் வேண்டுவது வேறு செடிகளை. அவை யாவை, அவற்றை எங்கே வைத்தல் வேண்டும் என்பதை அல்சூரில் ஒரு சுற்று நடந்தே தெரிந்துகொள்ளலாம்.

அல்சூருக்குக் கன்னடத்தில் ஹலசூரு என்று பெயர். ஹலசு என்பது பலா. பலாமரங்கள் நிறைந்திருந்தமையால் அப்பெயர் வந்தது என்பர். 1809 ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் படை சீரங்கப்பட்டணத்தை விட்டுப் பெங்களூருக்கு வந்து தண்டு அமைத்தபோது, அதனோடு தமிழ் வணிகரும் கைவினைஞரும் தொழிலாளரும் வந்து சேர்ந்தனர். சோமேசுவரர் கோயிலும், சித்திரையில் ஒளிவீசி வரும் பூப்பல்லக்கும், ஏரிக்கரையில் 2009 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலையும் இவ்வூரைத் தமிழர் நெஞ்சுக்கு நெருக்கமாக்கியவை.

ஏரிக்கரையில் வானம் திறந்திருக்கின்றது. வெயில் நேரே விழுகின்றது. அங்கிருந்து மரங்கள் கவிந்த சாலைக்குள் நுழைந்தால் உடனே குளிர்ச்சி. தலைக்குமேல் நிற்பது பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரம். மாலையில் இலை கூம்புவதால் நம் மக்கள் இட்ட பெயர் அது. அதன் தாயகமோ நடு, தென் அமெரிக்க நாடுகள். 1908 இல் பெங்களூருக்கு வந்து இலால்பாக்கில் பணியாற்றிய கிரும்பிகல் என்னும் செருமானியத் தோட்டக்கலை அறிஞர், ஒரு மரம் பூத்து ஓயும்போது மற்றொன்று பூக்குமாறு தெருமரங்களைத் தெரிந்து நடச் செய்தவர் என்று போற்றப்படுகின்றார். 1956 இல் இந்நகரிலேயே அவர் காலமானார். நிழல் தரும் மரங்கள் மட்டும் அல்ல, அந்நிழலில் வாழும் வண்ண இலைச்செடிகளிற் பலவும் நம்மைப்போல் வெளியூரிலிருந்து வந்து இங்கே வேரூன்றியவையே. குரோட்டன்ஸ் கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. கலேடியம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மணிபிளாண்ட் பசிபிக் கடலின் தீவு ஒன்றைச் சேர்ந்தது. வெள்ளிப் பூச்சுப் பூசியதுபோன்ற இலையையுடைய ரெக்ஸ் பிகோனியா மட்டும் நம் நாட்டு அசாம் பகுதிக்கு உரியது.

இனி, கடைத்தெருவைக் கடந்து குறுகிய சந்துகளுக்குள் வருவோம். வாயிற்படியோரத்திலும் மாடிப்படி வளைவிலும் தொட்டிகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு வீட்டில் இலைகள் செழிப்பாக மின்னுகின்றன. அடுத்த வீட்டில் அதே செடி நிறமிழந்து நிற்கின்றது. காரணம் வைத்த இடமே. நிழல் எல்லாம் ஒரே நிழல் அன்று. நண்பகலில் ஒரு வெள்ளைத்தாளைத் தரையில் விரித்து, ஒரு முழ உயரத்தில் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிந்து விழுந்தால் அவ்விடத்தில் ஒளி மிகுதி. ஓரம் மங்கிக் கலைந்து விழுந்தால் நடுத்தரம். நிழலே தெரியாவிட்டால் அஃது இருண்ட நிழல்.

இச்சோதனையை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திரும்பச் செய்தல் நலம். பெங்களூரில் ஏப்ரல் 24 ஆம் நாளையும் ஆகஸ்டு 18 ஆம் நாளையும் ஒட்டிக் கதிரவன் நேர் உச்சிக்கு வருகின்றான். நட்ட கோலுக்கு நண்பகலில் நிழல் இராது. அவ்விரு நாட்களுக்கும் இடையில் கதிரவன் வடபுறமாகச் செல்வதால், மார்கழியில் இருண்டு கிடந்த வடசுவர் ஓரத்திலும் வெயில் எட்டிப் பார்க்கும். மார்கழியில் நன்றாக இருந்த செடி வைகாசியில் கருகுவதற்கு இதுவே காரணம்.

ஒளி மிகுந்த இடத்திற்கு, அதிலும் காலை இளவெயில் படும் இடத்திற்கு, உரியவை குரோட்டன்சும் கோலியசும். சிவப்பும் மஞ்சளும் நன்றாக ஏறுவதற்கு அவற்றுக்கு ஒளி வேண்டும். இருட்டில் வைத்தால் குரோட்டன்ஸ் பச்சையாகிவிடும். கோலியசில் பூங்கதிர் தோன்றியவுடன் கிள்ளிவிட்டால் இலை அடர்த்தியாகும். நடுத்தர ஒளிக்குக் கலேடியமும், ரெக்ஸ் பிகோனியாவும், இரவில் இலைகளைக் கைகூப்பியதுபோல் நிமிர்த்தும் மராண்டாவும் ஏற்றவை. இருண்ட மூலைக்கு அக்லோனிமா, மருள், மணிபிளாண்ட் ஆகியன. ஆனால் இலையில் வெண்மை மிகுந்த வகைகளில் பச்சையம் குறைவு. ஆதலால் முழுப்பச்சை வகையைவிட அவற்றுக்குச் சற்றுக் கூடுதலான ஒளி வேண்டும் என்பதை மறத்தலாகாது.

அடுத்து, நிறத்திற்கேற்ற இடம். கருஞ்சிவப்பும் ஊதாவும் கடையிற் பார்க்கும்போது கண்ணைக் கவரும்; நிழலின் கோடியில் வைத்தாலோ அவை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். எனவே அத்தகைய இலைகளை அருகில், வாயிலை ஒட்டி, வைத்தல் வேண்டும். வெண்புள்ளியும் வெள்ளிக்கோடும் இளமஞ்சட்பச்சையும் உள்ளவற்றை உட்கோடிக்கு அனுப்புக. மாலை மங்கும் வேளையிலும் அவை தெரிந்து நிற்கும். வகைக்கு ஒன்றாகப் பத்துத் தொட்டிகளை வரிசையிட்டால் சந்தைக்கடைபோல் தோன்றும். ஒரே வகையில் மூன்று தொட்டிகளைச் சேர்த்து வைத்து, இடையே பெரணி போன்ற வெறும் பச்சையை நிரப்பினால் கண்ணுக்கு அமைதி கிட்டும். பட்டுப்புடைவையின் கரை எடுத்துத் தெரிவது உடலின் நிறம் அடங்கி இருப்பதனால் அன்றோ!

பராமரிப்பிலும் இரண்டொரு செய்திகள் உண்டு. நிழலில் மண் விரைவில் உலராது. விரலால் தொட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்றுதல் வேண்டும். நிழற்செடிகள் வாடி இறப்பதைவிட வேரழுகி இறப்பதே மிகுதி. கலேடியம் கிழங்குச்செடி, பெங்களூரின் குளிர்மாதங்களில் இலைகளை உதிர்த்து உறங்கும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நீரை நிறுத்தி உலர்ந்த இடத்தில் வைத்தால், கோடையில் மீண்டும் தளிர்க்கும்.

குழந்தைகள் உள்ள வீட்டார் ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். சேம்பும் கருணையும் நாவை அரிப்பதனை நம் பெண்கள் நன்கு அறிவர். புளி சேர்த்தன்றோ சமைக்கின்றோம். கலேடியம், அக்லோனிமா, மணிபிளாண்ட், டிபன்பாக்கியா ஆகிய யாவும் அச்சேம்பின் உறவுகளே. அவற்றின் இலையிலும் தண்டிலும் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள்ளன. கடித்தால் வாயும் தொண்டையும் எரிந்து வீங்கும். தவழும் குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இவற்றை வைத்தல் கடமை. தொட்டியின் அடித்தட்டில் நீர் தேங்கினால் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும்.

இவ்வளவுக்கும் பெருஞ்செலவு இல்லை. கோலியசின் ஒரு கிளையும் மணிபிளாண்டின் ஒரு கணுவும் ஒரு குவளை நீரில் வேர்விடும். ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்கு அவற்றைக் கொடுத்து வாங்கலாம். வாடகை வீட்டில் இருப்போர்க்குத் தொட்டிச்செடி மற்றொரு வகையிலும் உதவும். வீடு மாறும்போது உடன் வரும். புது வீட்டிற்குச் சென்றதும் வெள்ளைத்தாளை விரித்துச் சோதித்து, தொட்டிகளை அதற்கேற்ப மாற்றி வைத்தால் போதும்.

பூக்காத மல்லிகையை என் செய்வது? அதனைப் பிடுங்கி எறிய வேண்டா. வேர் சிதையாமல் பெரிய தொட்டிக்கு மாற்றி, மொட்டைமாடியில் வெயில் விழும் இடத்திற்கு ஏற்றுங்கள். மாசி பங்குனியில் கொடியைக் கழித்துவிட்டு, மட்கிய தொழுவுரம் இட்டு, நீர் விட்டு வாருங்கள். மேலே ஊர் மல்லிகை பூக்கட்டும். கீழே நிழல்முற்றத்தை வண்ண இலைகளுக்கு விட்டுவிடுவோம்.