வீட்டு வாசலில் ஐயாயிரம் சேனல்: எந்த பிக்சல் கன்ட்ரோலர் வாங்குவது?

அமெரிக்காவில் நவம்பர் மாதம் நான்காவது வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங். விருந்து முடிந்த மறுநாள் காலையில் பல வீடுகளில் ஏணி வெளியே வந்துவிடும். கூரை ஓரத்தில், ஜன்னலைச் சுற்றி, புல்வெளி மரத்தில் என்று கிறிஸ்துமஸ் விளக்கு கட்டும் வேலை ஆரம்பம். ஊரில் கல்யாண வீட்டுக்குக் கட்டும் சீரியல் செட் மாதிரிதான் இதுவும் என்று நினைத்தால், அந்தக் காலம் போய்விட்டது. இப்போது பாட்டுக்கு ஏற்றபடி வீடே ஆடுகிறது.

இந்தப் பைத்தியத்தை உலகத்துக்குக் காட்டியவர் கார்சன் வில்லியம்ஸ். ஓஹையோ மாநிலம் மேசன் ஊரைச் சேர்ந்த மின்பொறியாளர். டிரான்ஸ்-சைபீரியன் ஆர்க்கெஸ்ட்ராவின் 'விசர்ட்ஸ் இன் வின்டர்' இசைக்கு அவர் வீட்டின் 16,000 விளக்குகள் தாளம் போட்ட வீடியோ 2005ல் இணையம் முழுக்கப் பரவியது. அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை இல்லாமல், காரில் இருப்பவர்கள் எஃப்.எம். ரேடியோவில் இசையைக் கேட்கும்படி செய்திருந்தார். ஆனாலும் கூட்டம் கட்டுக்கடங்கவில்லை. அருகில் நடந்த ஒரு விபத்துக்குப் போலீஸ் வந்து சேர முடியாமல் போக, அந்த டிசம்பரிலேயே காட்சியை நிறுத்திவிட்டார்.

அவருடைய லைட்-ஓ-ராமா கருவிகளில் மொத்தம் 88 சேனல்கள். அதாவது 16,000 விளக்குகளும் 88 கூட்டமாகப் பிரிந்து எரிந்து அணைந்தன. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் ஒரு விளக்கைத் தனியாக எதுவும் செய்ய முடியாது. பிக்சல் வந்ததும் கதை மாறியது. ஒவ்வொரு விளக்குக்குள்ளும் டபிள்யூ.எஸ். 2811 போன்ற ஒரு சின்னச் சிப். சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எல்.இ.டி. ஒவ்வொரு விளக்கும் தன் நிறத்தைத் தானே வைத்துக்கொள்ளும். ஒரு விளக்குக்கு மூன்று சேனல். 2,000 பிக்சல் கட்டினால் 6,000 சேனல்!

இத்தனைக்கும் எந்த நொடியில் எந்த நிறம் என்று சொல்லும் கருவிதான் பிக்சல் கன்ட்ரோலர். விளக்குச் சரங்களைச் செருகும் வாய்களுக்குப் போர்ட் என்று பெயர். ஒரே போர்ட் வைத்த தீப்பெட்டி அளவுச் சில்லிலிருந்து 16, 32, 48 போர்ட் வரை கிடைக்கிறது. விலையும் சில பத்து டாலரிலிருந்து சில நூறு டாலர் வரை. புதிதாக வருபவர் இடறுவது இங்கேதான். கடைக்காரரின் விவரப் பட்டியலைப் பார்த்து, 'ஒரு போர்ட்டுக்கு இத்தனை பிக்சல்' என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போடுகிறார். கணக்கு சரி. ஆனால் அந்தக் கணக்கில் வீடு இல்லை.

முதலில் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம். டபிள்யூ.எஸ். 2811 சிப் ஒரு நொடிக்கு 8 லட்சம் பிட் வேகத்தில் தகவல் வாங்கும். ஒரு பிக்சலுக்கு 24 பிட். ஆக ஒரு பிக்சலுக்கு 30 மைக்ரோ விநாடி. நொடிக்கு 40 படம் ஓட வேண்டுமென்றால் ஒரு படத்துக்கு 25 மில்லி விநாடிதான் நேரம். வகுத்தால் ஒரு போர்ட்டில் சுமார் 800 பிக்சல். 20 படம் போதுமென்றால் 1,600. இது வேகத்தின் எல்லை. நிஜத்தில் இந்த எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்பே வேறு எல்லைகள் வந்து நிற்கின்றன.

ஒரு சாதாரண இரண்டு மாடி வீட்டை எடுத்துக்கொள்ளலாம். கூரை விளிம்புக்கு 350 பிக்சல். நான்கு ஜன்னலுக்கு 300. கார் ஷெட் கதவைச் சுற்றி 100. நடைபாதையோரம் ஆறு வளைவுகள், அதற்கு 300. புல்வெளியில் கம்பம் நட்டு, அதன் உச்சியிலிருந்து 16 சரங்களைக் கூம்பு மாதிரி இறக்கிய 'மெகா ட்ரீ', அதற்கு 800. மொத்தம் 1,850 பிக்சல், 5,550 சேனல். ஒரு போர்ட்டுக்கு 800 என்றால் மூன்று போர்ட் போதும். நான்கு போர்ட் கன்ட்ரோலர் வாங்கினால் ஒன்று மிச்சம்கூட இருக்கும். ஆஹா, எவ்வளவு மலிவு!

இப்போது அதே வீட்டை ஏணியில் நின்று பார்க்க வேண்டும். பிக்சல்கள் தொடராக இணைந்தவை. முதல் பிக்சல் தனக்கான தகவலை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். நடுவில் ஒரு சிப்புக்குள் தண்ணீர் போனால் அதற்குப் பின்னால் உள்ள அத்தனையும் இருட்டு, அல்லது தாறுமாறான நிறம். 800 பிக்சலை ஒரே போர்ட்டில் கோத்திருந்தால், பத்தாவது பிக்சல் செத்ததும் 790 போச்சு. மெகா ட்ரீயை நான்கு சரத்துக்கு ஒரு போர்ட் வீதம் நான்காகப் பிரித்தால், எவ்வளவு மோசமானாலும் கால் மரம்தான் போகும். பார்க்க வந்த குழந்தைகளுக்கு மீதி முக்கால் மரம் இருக்கும்.

அதே மாதிரி கூரையின் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. மாடி ஜன்னலுக்கு ஒன்று, கீழ் ஜன்னலுக்கு ஒன்று. கார் ஷெட்டுக்கு ஒன்று, வளைவுகளுக்கு இரண்டு. கூட்டினால் 11 போர்ட். காகிதத்தில் மூன்று, வீட்டில் பதினொன்று. அடுத்த வருஷம் ஏதாவது சேர்க்காமல் இருக்கப் போவதில்லை (இந்தப் பொழுதுபோக்கில் யாரும் ஒரு வருஷத்தோடு நிறுத்தியதாகத் தெரியவில்லை), ஆகவே 16.

அடுத்தது தூரம். கன்ட்ரோலரிலிருந்து முதல் பிக்சல் வரை போகும் தகவல் ஒயர் நீளமானால் சமிக்ஞை மங்கி, விளக்குகள் கண்டபடி மினுக்கும். சில மீட்டர் வரை பிரச்சினை இல்லை. சுவரில் மாட்டிய கன்ட்ரோலரிலிருந்து புல்வெளி மரம் இருபது மீட்டர் என்றால் சாதாரண ஒயர் சரிப்படாது. அதற்குத்தான் 'டிஃபரன்ஷியல் ரிசீவர்'. கன்ட்ரோலரிலிருந்து ஒரு நெட்வொர்க் கேபிள் போகும், மறுமுனையில் ஒரு சின்ன ரிசீவர் இருக்கும், அதில் நான்கு போர்ட். ஐம்பது அறுபது மீட்டர் தாராளமாகப் போகும். மேலே சொன்ன வீட்டில் சுவரில் ஐந்து போர்ட், புல்வெளியில் இரண்டு ரிசீவரில் ஆறு போர்ட். எனவே 16 போர்ட் பெட்டியா என்று பார்ப்பதைவிட, ரிசீவர் இணைக்கும் வசதி உள்ளதா என்று பார்ப்பதே முக்கியம். பல வீடுகளில் பணம் வீணாவது இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால்தான்.

மின்சாரம்தான் பயப்பட வேண்டிய இடம். ஐந்து வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் எரிந்தால் 60 மில்லி ஆம்ப் இழுக்கும் என்று கணக்கு வைப்பது வழக்கம். 200 பிக்சல் என்றால் 12 ஆம்ப். கன்ட்ரோலரின் போர்ட் ஃபியூஸ் பெரும்பாலும் 4, 5 ஆம்ப்தான். பெரிய ஃபியூஸ் மாட்டிச் சமாளிப்பவர்கள் தீயோடு விளையாடுகிறார்கள். வெளிச்சத்தை 30 சதவீதத்துக்குக் குறைத்தால் 3.6 ஆம்பில் முடிந்துவிடும், இருட்டில் அதுவே கண்ணைக் கூசும். நீளமான சரத்தின் கடைசியில் வோல்ட் குறைந்து வெள்ளை நிறம் பழுப்பாகும். அப்போது சரத்தின் நடுவிலோ கடைசியிலோ மின்சாரத்தை மறுபடி கொடுக்க வேண்டும். 12 வோல்ட் பிக்சலில் இந்தத் தொல்லை குறைவு, மின்செலவு சற்று கூடுதல். பெரிய வீட்டுக்கு 12 வோல்ட்தான் நிம்மதி. ஆனால் இரண்டையும் ஒரே வீட்டில் கலப்பது ஆபத்து. கனெக்டர்கள் ஒரே மாதிரி இருக்கும். ஐந்து வோல்ட் சரத்தை 12 வோல்ட் போர்ட்டில் செருகினால் ஒரு நொடியில் சரம் காலி.

கன்ட்ரோலரும் பவர் சப்ளையும் மழைநீர் புகாத பெட்டிக்குள் இருக்க வேண்டும். வெளியில் உள்ள பிளக் பாயிண்ட் ஜி.எஃப்.சி.ஐ. வகையாக இருக்க வேண்டும். ஊரில் ஈ.எல்.சி.பி. என்று சொல்வதன் அமெரிக்கத் தம்பி அது. சுமார் 5 மில்லி ஆம்ப் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். மழை நாளில் காட்சி பாதியில் அணைந்தால் அதைத் திட்டுவார்கள். அது தன் வேலையைச் செய்திருக்கிறது.

சரி, சின்னக் கன்ட்ரோலர்களே வேண்டாமா? அப்படியில்லை. இ.எஸ்.பிக்சல்ஸ்டிக் போன்றவை வைஃபையில் இயங்கும். ஒயர் போக முடியாத மூலையில் நிற்கும் ஒற்றைப் பொம்மைக்கு அவை அருமை. பால்கனியில் பாட்டோடு சேராமல் சும்மா நிறம் மாறினால் போதும் என்பவருக்கு டபிள்யூ.எல்.இ.டி. என்ற இலவச மென்பொருள் ஏற்றிய ஒரு சில்லே போதும், நூற்றுக்கணக்கில் செலவழிப்பது அநியாயம். ஆனால் 5,550 சேனலையும் வைஃபையில் விடுவது வேறு விஷயம். தகவலின் அளவு ஒன்றும் பெரிதில்லை, நொடிக்கு 2 மெகாபிட்கூட வராது. ஆனால் ஒவ்வொரு 25 மில்லி விநாடிக்கும் தவறாமல் வந்து சேர வேண்டும். தெருவில் இருபது கார், நாற்பது செல்போன் நிற்கும்போது வைஃபை அந்த ஒழுங்கைக் காப்பாற்றுவது சந்தேகம். தாளம் தப்பிவிடும்.

பெரியவற்றில் இரண்டு வழிகள் பிரபலம். ஒன்று ஃபால்கன் எஃப்16 மாதிரி தனிக் கன்ட்ரோலர். கணினியோ ராஸ்பெர்ரி பையோ அனுப்பும் தகவலை நெட்வொர்க் கேபிளில் வாங்கி விளக்குக்குத் தள்ளும். மற்றது பீகிள்போன் அல்லது ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியின் மேல் உட்காரும் குல்ப் போன்ற பலகைகள். இவற்றில் ஃபால்கன் பிளேயர் என்ற இலவச மென்பொருள் ஓடும். காட்சியை மெமரி கார்டிலேயே வைத்துக்கொண்டு தானே ஓட்டும். இரண்டு மூன்று பெட்டி இருந்தாலும் ஒவ்வொன்றிலும் ஒரு நகல் வைத்துவிட்டால், 'இப்போது இந்த இடத்தில் ஓடு' என்ற சின்னச் செய்தி மட்டும் போதும். முதல் வழியில் ஒரு பாகம் கெட்டால் எது கெட்டது என்று எளிதில் தெரியும். இரண்டாவதில் செலவு குறையும், ஆனால் குட்டிக் கணினி கடையில் கிடைக்க வேண்டும். 2021, 2022ல் சிப் தட்டுப்பாட்டின்போது ராஸ்பெர்ரி பை கிடைக்காமல் பலர் திண்டாடினார்கள்.

காட்சியை வடிவமைக்கப் பெரும்பாலோர் எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தப் போர்ட்டில் எந்தச் சரம் என்று அதில் வரைந்துவிட்டால், அது ஆதரிக்கும் கன்ட்ரோலர்களுக்கு அந்த அமைப்பை ஒரே பொத்தானில் ஏற்றிவிடும். அந்தப் பட்டியலில் இல்லாத மலிவுச் சரக்கை வாங்கினால் 11 போர்ட்டுக்கும் தொடக்க எண், பிக்சல் எண்ணிக்கை, நிற வரிசை என்று கையால் அடிக்க வேண்டும். ஜூலை மாதம் அது பெரிய வேலையில்லை. டிசம்பர் 20ந் தேதி, பூஜ்யத்துக்குக் கீழே குளிரில், கையுறையைக் கழற்றிவிட்டு மடிக்கணினியில் அடிப்பது வேறு.

அதனால்தான் அனுபவஸ்தர்கள் இன்னொன்றையும் பார்க்கிறார்கள். அதே ஊரில் விளக்கு கட்டும் மற்றவர்கள் எந்தக் கன்ட்ரோலர் வைத்திருக்கிறார்கள்? அதையே வாங்கினால், கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு பலகை புகைந்தாலும் மூன்று தெரு தள்ளி ஒருவர் வீட்டில் உபரி ஒன்று இருக்கும். காரை எடுத்துக்கொண்டு போய் வாங்கி வந்து, ஆறு திருகு முடுக்கி, எக்ஸ்லைட்ஸில் பொத்தானை அழுத்தினால் ஏழு மணிக் காட்சிக்கு வீடு தயார். வேறு மாதிரி வைத்திருப்பவர் ஆர்டர் போட்டுவிட்டு ஜனவரியில் வரும் பார்சலுக்குக் காத்திருப்பார்.