உருண்டைக்குப் போர்த்திய உறை

பதினான்காவது பிறந்த நாளுக்கு என் மகள் கேட்டது பூமி உருண்டை. விளையாடுவதற்கு அல்ல, வெட்டித் தின்பதற்கு. ஹப்சிகுடாவில் குடியிருப்பவர்களுக்கு இது அத்தனை விபரீதமான ஆசை இல்லை. 1961இல் தொடங்கப்பட்ட தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் எங்கள் பேட்டையில்தான் இருக்கிறது. தினமும் அதன் மதிலைத் தாண்டித்தான் அவள் பள்ளிக்கூடம் போகிறாள்.

அதே வாரம் என் மேஜைமேல் வேறொரு சிக்கலும் கிடந்தது. தெலங்கானா கிராமத்துக் கிழவி ஒருத்தியைப் பற்றிய தெலுங்குச் சிறுகதையைத் தமிழாக்கி, எழுதியவரிடம் கொடுத்திருந்தேன். தமிழ் படிக்கத் தெரிந்தவர். “வழவழவென்று ஓடுகிறது அம்மா. ஆனால் எங்கள் அவ்வாவைக் காணோமே” என்றார். தமிழில் எம்.ஏ. படித்து, இருபது வருஷமாக மொழிபெயர்ப்பில் பிழைப்பவளுக்கு இது பாராட்டா, புகாரா? பதில் தெரியாமல் பிரதியை மூடிவைத்துவிட்டு மாவைச் சலிக்கப் போனேன்.

அரைக்கோளமாகக் குழிந்த, 7 அங்குல வாயுள்ள இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள். வெண்ணெய் தடவி, மாவு தூவி, அவற்றிலேயே கேக்கைச் சுட்டேன். பஞ்சு போன்ற கேக் உருண்டைக்கு உதவாது. தன் பாரத்திலேயே அமுங்கிவிடும். வெண்ணெய் அதிகம் சேர்ந்த கெட்டி கேக்தான் நிற்கும். இரண்டு பாதிகளையும் பட்டர் கிரீம் தடவி ஒட்டி, உருளாமல் இருக்க அடியில் ஒரு சீவு சீவினேன். மேலே மெல்லியதாக ஒரு பூச்சு. உதிரும் துகள்களை அது பிடித்துக்கொள்ளும். ஃபிரிஜ்ஜில் அரை மணி நேரம் இறுகியதும் இரண்டாவது பூச்சு. தட்டையான கத்தி வளைவில் பள்ளம் பறிக்கிறது. பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் ஒரு துண்டு வெட்டி, உருண்டையின் வளைவுக்கே வளைத்துப் பிடித்து இழுத்தபோதுதான் வழிக்கு வந்தது.

சோதனை அதற்குப் பிறகு. நீல நிற ஃபாண்டன்டை, அதாவது சப்பாத்தி போலத் தேய்க்கிற சர்க்கரைப் பசையை, மேலே போர்த்தினேன். உச்சி பளபளத்தது. பூமத்திய ரேகைக்குக் கீழே பாவாடைக் கொசுவம் போல மடிப்பு மடிப்பாக விழுந்தது. ஒன்றை அமுக்கினால் பக்கத்தில் இரண்டு எழுந்தன.

தாளும் பென்சிலுமாக வந்த மகள் கணக்குப் போட்டாள். 7 அங்குல உருண்டையின் சுற்றளவு 22 அங்குலம். உச்சியிலிருந்து அடிவரை மூட வேண்டுமானால் 22 அங்குல அகல வட்டம் தேவை. அதன் பரப்பு 380 சதுர அங்குலம். உருண்டையின் மேற்பரப்போ வெறும் 154. “மிச்சம் எங்கம்மா போகும்?” என்றாள்.

அதுதான் கேள்வி. தட்டைத் தாளை நீட்டாமல், சுருக்காமல் உருண்டைமேல் படியவைக்க முடியாது என்பது ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1827இல் நிரூபித்ததிலிருந்து கிடைக்கும் முடிவு. உருண்டையைத் தாளில் விரிக்கும் வரைபடக்காரர்களுக்கும் அதே தொல்லை. மெர்க்கேட்டர் 1569இல் வரைந்த முறை, பிழையைத் துருவங்களின் பக்கம் தள்ளியது. அதனால்தான் கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரிகிறது. உண்மையில் ஆப்பிரிக்கா 14 மடங்கு பெரியது. கிரீன்லாந்து இந்தியாவைவிடவும் சிறியது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஹப்ஷிகளின் பெயரைத் தாங்கியதாகச் சொல்லப்படும் பேட்டையில் உட்கார்ந்துகொண்டு இதை யோசிக்கச் சங்கடமாகத்தான் இருந்தது. மடிப்பை ஒழிக்க முடியாது. எங்கே வைப்பது என்று தீர்மானிக்கத்தான் முடியும்.

போர்த்தியதை உரித்தெடுத்து, பிசைந்து, மறுபடி தேய்த்தேன், இம்முறை சிறிய வட்டமாக. கேக்கை ஒரு டப்பாவின் மேல் தூக்கி வைத்ததும் ஃபாண்டன்ட் தன் எடையாலேயே கீழே இறங்கியது. மடிப்பை அமுக்காமல், விசிறியைப் பிரிப்பதுபோல் விரித்துவிட்டு, உள்ளங்கையால் மேலிருந்து கீழாக நீவினேன். மிஞ்சியதை அடியில் நறுக்கினேன். ஒரே ஒரு மடிப்பு மட்டும் மசியவில்லை. அதை அண்டார்டிகாவில் மறைத்தேன்.

இரவு பிரதியைத் திறந்தேன். என் மடிப்புகளையெல்லாம் நான் எங்கே தள்ளியிருந்தேன் என்பது இப்போது தெரிந்தது. கிழவியின் வாயில். அவள் பேத்தியை “பிட்டா” என்று கூப்பிடுகிறாள். தெலங்கானாவில் பிள்ளைகளை அப்படித்தான் வாஞ்சையாக அழைப்பார்கள். நானோ “மகளே” என்று எழுதியிருந்தேன். எந்தப் பாட்டி, எந்த ஊரில் அப்படிக் கூப்பிடுகிறாள்? வர்ணனைகளை என் தமிழில் எவ்வளவு வேண்டுமானாலும் நீவிக்கொள்ளலாம். கிழவியின் பேச்சை நீவியிருக்கக் கூடாது. பதினேழு இடங்களில் “பிட்டா” திரும்பி வந்தாள். முதல் தடவை வாசகருக்குத் தட்டும். தட்டட்டும்.

மறுநாள் கேக்கை வெட்டக் குனிந்த மகள், அடியில் எட்டிப் பார்த்துக் கத்தினாள்: “அம்மா, அண்டார்டிகாவுல பூகம்பம்!”

பக்கத்து நிறுவனத்தின் கருவிகளில் அது பதிவாகியிருக்காது. என் பிரதியில் பதிவாகிவிட்டது.