புன்னைக்காயலில் ஒரு பகல்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில் எங்கள் குடும்பம் பயணம் செய்யாத ஆண்டில்லை. மணப்பாட்டுத் திருச்சிலுவையைத் தரிசிக்கப் போகும்போதெல்லாம் ஆத்தூர்ப் பாலத்தின்மேல் வண்டி ஏறும். தாமிரபரணியை ஒரு கணம் எட்டிப் பார்ப்போம். பாலம் முடிந்ததும் ஆற்றை மறந்துவிடுவோம். அது அங்கிருந்து எங்கே போகிறதென்று நாங்கள் கேட்டதில்லை. கேட்டவன் எங்கள் இளைய மகன். தமிழின் முதல் அச்சு நூல்களைப் பற்றி எழுதிவருமாறு பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். "புன்னைக்காயல் நமக்குப் பக்கத்து ஊர்தானே, அப்பா? நாம் ஏன் ஒரு தடவைகூடப் போனதில்லை?" என்றான். விடை சொல்லத் தெரியவில்லை. அடுத்து வந்த சனிக்கிழமையே புறப்பட்டுவிட்டோம்.

நேரே போகாமல் முதலில் கொற்கைக்குச் சென்றோம். உப்பளங்களின் வெண்மை கண்ணைக் கூசச் செய்யும் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வாழைத் தோட்டங்கள் தொடங்கிவிடுகின்றன. கொற்கை இன்று ஒரு சிற்றூர். குளம், வயல், பழமையான வன்னி மரம் ஒன்று, அமைதி. பாண்டியர் துறைமுகம் இதுதான், முத்துக்குப் பேர்போன பட்டினம் இதுதான் என்று சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. "கடல் எங்கே?" என்றார்கள். கடல் இப்போது ஆறேழு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. கிரேக்கர் இத்துறையைக் 'கொல்கி' என்று குறித்தனர். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறையினர் இங்கே அகழ்ந்தெடுத்த கரித்துண்டொன்று கி.மு. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததெனக் கணிக்கப்பட்டது. அத்தனை தொன்மை வாய்ந்த பட்டினம் கடலை இழந்தது போரினாலன்று, பகைவராலன்று. தன்னை வளர்த்த ஆற்றினாலேயே.

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிவந்து, தான் சுமந்த வண்டலையெல்லாம் கடல் வாயிலில் இறக்கி வைக்கிறது. ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகை வெள்ளத்தில் நிலம் சிறிது சிறிதாகக் கடலுக்குள் நீள்கிறது. துறைமுகம் பின்தங்கிப் போகிறது. கொற்கைக்குப் பின் கடற்கரையாய் இருந்தது காயல். அதுவே இன்றைய பழையகாயல் என்று நிறுவியவர் கால்டுவெல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ 'காயில்' என்று எழுதிவைத்ததும், அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதும் இவ்வூரில்தான். நாங்கள் அங்கே ஒரு தேநீர் குடித்தோம், அதற்குமேல் நிற்கவில்லை. பழையகாயலையும் கடல் கைவிட்டது. ஆற்றின் வாயிலில் புதிதாய் எழுந்த ஊர் புன்னைக்காயல்.

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்கால்களைத் தாண்டிக் கிழக்கே போகப் போகப் பசுமை குறைந்து உப்புக் காற்று முகத்தில் அறைகிறது. அலையாத்திச் செடிகள் நீரோரத்தில் கருமையாய் அடர்ந்து நிற்கின்றன. ஊருக்குள் நுழைந்ததும் இராஜகன்னி மாதா ஆலயத்துக்குச் சென்று சிறிது நேரம் முழந்தாளிட்டிருந்தோம். பிறகுதான் ஊரைச் சுற்றிப் பார்க்கத் தொடங்கினோம்.

1536, 37ஆம் ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் புனித சவேரியார் வந்தார். தமிழறியாத அவர், செபங்களைத் தமிழாக்குவித்து, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துச் சிறுவரைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்த வரலாறு நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும். அதற்குப் பின் நடந்ததுதான் நமக்குத் தெரியாது. சவேரியார் இக்கரையில் தங்கியிருந்த காலம் சொற்பம். அவர் தொடங்கியதைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டவர் அண்டிரீக்கு அடிகளார் எனத் தமிழில் வழங்கப்பெறும் என்ரிக்கே என்ரீக்கஸ் என்னும் சேசு சபைக் குரு.

1520இல் போர்த்துக்கல் நாட்டில் பிறந்தவர். யூத வழிவந்த குடும்பம். அக்காரணத்தாலேயே முன்பு வேறொரு சபை அவரை வெளியேற்றிவிட்டது. 1546இல் இந்தியாவுக்கு வந்தார். உடல் நலமோ மிக மெலிந்தது. சவேரியாரின் கட்டளைப்படி தமிழ் கற்கத் தொடங்கியவர், சில ஆண்டுகளுக்குள்ளேயே போர்த்துக்கீசிய மொழியில் தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். லிஸ்பன் நூலகத்தில் கிடந்த அந்தக் கையெழுத்துப்படி 2013இல் ஆங்கில மொழிபெயர்ப்புடன் ஹார்வர்டு வெளியீடாக வந்தது. 1549இல் வேதாளையில் அந்தோனியோ கிரிமினாலி அடிகளார் கொல்லப்பட்ட பின், கால் நூற்றாண்டுக்கு மேலாக இக்கரைத் திருப்பணிக்கு இவரே தலைவர். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும் நடத்தினார். 1600இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. நம் குடும்பங்களில் சவேரியார் பெயர் இல்லாத வீடு அரிது. அண்டிரீக்கு என்று பிள்ளைக்குப் பெயரிட்டவரை நாங்கள் இன்னும் சந்திக்கவில்லை.

அச்சு நூல்களின் கதை இதுதான். தமிழ் எழுத்துகள் கோவாவிலும் பின்னர் கொல்லத்திலும் வார்க்கப்பட்டன. 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்களில் வெளிவந்தது. மறு ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இல் புனிதர்களின் வரலாறு கூறும் 'அடியார் வரலாறு' என்னும் பெருநூல். இது புன்னைக்காயலிலேயே அச்சேறியது என்று அறிஞர் பலர் கூறுவர். இவற்றுக்கு வேண்டிய பணத்தை அரசர் எவரும் கொடுக்கவில்லை. இக்கரைப் பரதவ மக்கள் 400 குருசாடோ நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். கடலில் மூச்சடக்கி மூழ்கியெடுத்த முத்தின் விலையில் ஒரு பங்கு எழுத்தாக மாறியது. வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலராய் இருந்த காலத்தில், இன்னும் பிறவாத பிள்ளைகள் வாசிக்கட்டும் என்று அவர்கள் கொடுத்த பணம் அது என்றே நமக்குத் தோன்றுகிறது.

அந்த அச்சுக்கூடம் இருந்த இடத்தைக் காண வேண்டுமென்று மகன் பிடிவாதமாய் இருந்தான். எங்கும் ஒரு தடயமும் இல்லை. வீட்டு வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த முதியவரைக் கேட்டோம். அவர் சிரித்தார். ஆற்றையும் கடலையும் மாறிமாறிக் காட்டி, "இதுல ஏதோ ஒண்ணுதான் கொண்டு போயிருக்கும்" என்றார். அவருடைய தாயார் உள்ளிருந்து வந்தார். எண்பது வயதுக்கு மேலிருக்கும்.

"புஸ்தகமா எய்யா தேடி வந்திருக்கிய? இந்தா பாருங்க எம் புஸ்தகத்த" என்று ஒரு துணிப்பையை அவிழ்த்தார்.

உள்ளே ஒரு செபப் புத்தகம். ஏடுகள் அலையலையாய் உப்பி, இருமடங்கு பருத்து, ஓரங்களில் செம்மண் நிறம் படிந்திருந்தது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாள்களில் அருகிலுள்ள காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரைபுரண்டது, புன்னைக்காயல் நீரால் சூழப்பட்டது. ஆற்றில் கட்டியிருந்த படகுகள் பல கயிறறுந்து போயின. வீட்டிலிருந்த ரேஷன் கார்டு, பட்டா, பேரப்பிள்ளைகளின் சான்றிதழ் யாவும் கூழாகிவிட்டனவாம். செபப் புத்தகத்தை மட்டும் அந்தப் பாட்டி ஏடு ஏடாகப் பிரித்து, வெயில் வந்தபின் வலைமேல் விரித்துக் காயவைத்திருக்கிறார்.

"சான்றிதழுக்கு ஆபீசுல எழுதிக் கொடுத்தா வேற தருவாங்க. இது எங்கம்மா எனக்குப் புதுநன்மைக்குக் கொடுத்தது" என்றார்.

"இதில் எல்லாச் செபமும் வாசிப்பீர்களா, பாட்டி?" என்று மகன் கேட்டான்.

"எனக்கு எழுத்துத் தெரியாதய்யா. பாடம்தான். ஆனா எந்தச் செபம் எந்தப் பக்கத்துல இருக்குன்னு தெரியும்."

அவன் ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டினான். பாட்டி அதிலிருந்த செபத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். நாங்கள் பேசாதிருந்தோம். 'தம்பிரான் வணக்க'த்தின் ஒரு பிரதி இன்று அமெரிக்காவில் ஹார்வர்டில் இருக்கிறது. 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. அருட்தந்தை இராசமாணிக்கம் சே.ச. 1967இல் அதைத் தூத்துக்குடியில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார். அப்பதிப்பிலாவது ஒன்றைப் பாட்டிக்குக் காட்டியிருக்கலாமே என்று வீடு திரும்பிய பிறகு தோன்றியது. அன்று தோன்றவில்லை.

மாலையில் முதியவர் எங்களை முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றார். ஆறு அகன்று, வேகம் தளர்ந்து, மணல்மேடுகளுக்கிடையே கடலைத் தேடிக்கொண்டிருந்தது. அந்த மணல்தான் இன்று அவர்களுடைய கவலை. வாயில் தூர்ந்துபோனால் படகு வெளியேற நீரேற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். தப்பித் தட்டினால் எஞ்சின் போய்விடும். பிடித்த மீன் கரை சேரப் பொழுதாகிவிட்டால் விலை பாதியாகிவிடும். "கொற்கையில போய்ப் பாத்தீகள்ல? இங்கயும் அதே ஆறுதான்" என்றார். முத்துக்குளிப்பு 1961க்குப் பின் நடைபெறவில்லை. மீன்தான் இனி வாழ்வு. தூர் வாரச் செலவாகும் என்பது மெய்யே. ஆயினும் கடலை இழந்த ஊர்கள் இரண்டைக் காலையில் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, அச்செலவு பெரிதாய்த் தோன்றவில்லை.

அதற்குள் படகுகள் ஒவ்வொன்றாய் உள்ளே வரத் தொடங்கின. பெண்கள் கூடைகளுடன் நீரோரத்துக்கு இறங்கினார்கள். ஏலம் போடுகிறவரின் குரல் உயர்ந்தது. முதியவர் எங்களை மறந்து தம் மகனுடைய படகைத் தேடிப் போய்விட்டார். எங்கள் பையன் மணலில் நின்றபடியே, வரும் படகுகளின் முகப்பில் எழுதியிருந்த பெயர்களை ஒவ்வொன்றாய் உரக்க வாசித்துக்கொண்டிருந்தான்.